அறுநூறு காசு ஒரு சரம்: வியட்நாமில் ஏழு நாள்

நாள் 1, ஹனோய்

காலையில் ஹனோய் பழைய நகரத்தில் காபி குடித்தோம். விலை 35,000 டாங். 50,000 தாளை நீட்டினேன். மீதியாக ஒரு பத்தாயிரமும் ஒரு ஐயாயிரமும் வந்தன, இரண்டும் தாள். சில்லறை குலுங்கும் சத்தமே இந்த நாட்டில் கேட்பதில்லை. 2003 டிசம்பரில் அரசு வங்கி 200 டாங் முதல் 5,000 டாங் வரை ஐந்து வகை நாணயங்களை வெளியிட்டது. மக்களுக்கு அவை பிடிக்கவில்லை. 2011-இல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் வந்திருப்பதே நாணயம் பார்க்கத்தான். 970-ஆம் ஆண்டிலிருந்து 1945 வரை, நடுவில் சதுர ஓட்டை போட்ட காசை வார்த்துப் புழங்கிய நாடு இது. நாற்பது வருடமாக நாணயம் சேர்க்கிறேன். நம்மூர் ஓட்டைக் காலணாவில் தொடங்கிய பழக்கம். ஓட்டை என்றால் எனக்குத் தனிப் பிரியம். பணி ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இந்தப் பயணத்துக்குச் சீட்டு எடுத்தேன். கூட என் மனைவி, முப்பது வருடம் கணக்கு டீச்சர்.

எங்களுக்கு வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் ஓர் இளம்பெண் வருகிறாள். என்னை 'சூ' என்கிறாள், மனைவியை 'கோ' என்கிறாள். கிட்டத்தட்டச் சித்தப்பா, அத்தை. இங்கே நீ, நான் என்று பொதுவாகப் பேச முடியாதாம், உறவு வைத்துத்தான் பேச வேண்டும். பள்ளிக்கூட டீச்சரையும் 'கோ' என்றுதான் அழைப்பார்கள் என்று அவள் சொன்னதும் என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மாலை ஹாங் பாக் தெருவுக்குப் போனோம். 'பாக்' என்றால் வெள்ளி. 15-ஆம் நூற்றாண்டில் லே தான் தோங் மன்னர் காலத்தில், சவ் கே என்ற கிராமத்து வெள்ளி வேலைக்காரர்கள் இங்கே வந்து அரசுக்கு வெள்ளிக் கட்டி வார்த்துக் கொடுத்தார்கள். வெள்ளி வந்த இடத்துக்கு மாற்றுக்காரர்களும் வந்துசேர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தெருவுக்கு வைத்த பெயரே 'காசு மாற்றுவோர் தெரு'. இன்றும் இரண்டு பக்கமும் நகைக்கடைகள். ஒரு கடையில் உட்கார்ந்து ஒருவர் சின்னஞ்சிறு சுத்தியலால் வெள்ளித் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் நின்று பார்த்தோம், அவர் நிமிரவே இல்லை.

அப்புறம் ஒரு சந்தில் பழம்பொருள் கடை. தட்டு நிறைய ஓட்டைக் காசுகள், பச்சைக் களிம்பு பிடித்து, பார்க்க ஆசையாக இருந்தன. பேரம் பேசி மூன்று வாங்கினேன். அறைக்கு வந்து ஈரத்துணியால் துடைத்ததும் பச்சை நிறம் அப்படியே துணியில் வந்துவிட்டது. நாற்பது வருட அனுபவம் இருந்தும் ஏமாந்தது வலிக்கிறது. ஆனாலும் மூன்றையும் தூக்கிப் போடவில்லை. நாளை அருங்காட்சியகத்தில் உண்மையான காசைப் பார்க்கும்போது, எங்கே கோட்டைவிட்டேன் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாள் 2, ஹனோய்

தேசிய வரலாற்று அருங்காட்சியகம் இருப்பது ட்ராங் தியென் தெரு, எண் 1. தெருப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். 'தியென்' என்றால் பணம். 'ட்ராங்' என்றால் பட்டறை, களம் போல. அதாவது நாணயச் சாலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது நாட்டை ஆண்ட நுயென் அரசு இங்கே காசு வார்க்கும் சாலை வைத்திருந்தது. சாலை போய்விட்டது, பெயர் நிற்கிறது. காசு வார்த்த தெருவிலேயே பழைய காசுகளைப் போய்ப் பார்ப்பது எனக்குக் கோயிலுக்குள் நுழைவது போல இருந்தது.

கட்டடம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டு 1932-இல் திறக்கப்பட்டது. எண்கோணக் கூடம், உயரமான அடுக்குக் கூரை. ஆனால் என் கண் கட்டடத்தில் நிற்கவில்லை.

முதலில் காசைச் செய்யும் விதம். நம்மூர்ப் பழங்காசுகளில் பெரும்பாலானவை அச்சில் வைத்து அடித்தவை. இவை வார்த்தவை. நன்றாகச் செதுக்கிய தாய்க் காசு ஒன்றை வைத்து வரிசையாக மணலில் அழுத்துவார்கள். எல்லா அச்சையும் இணைக்கும்படி நடுவில் ஒரு வாய்க்கால். மேல்பெட்டி மணலையும் கீழ்ப்பெட்டி மணலையும் பொருத்தி, உருகிய உலோகத்தை ஊற்றினால், ஆறியபின் வெளியே வருவது ஒரு மரம். நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் இலை இலையாகக் காசு. ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்தால் விளிம்பில் பிசிறு இருக்கும். அதைத் தேய்க்கத்தான் சதுர ஓட்டை. சதுரக் கம்பியில் ஐம்பது, நூறு காசைக் கோத்து இறுக்கிவிட்டால் ஒன்றும் சுழலாது, எல்லா விளிம்பையும் ஒரே வீச்சில் அரத்தால் தேய்த்துவிடலாம். வட்டம் வானம், சதுரம் பூமி என்று தத்துவமும் சொல்வார்கள். எனக்கு அரத்துக்காரரின் காரணம்தான் பிடித்திருக்கிறது.

நேற்று வாங்கிய மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று உருண்டிருந்தது, அரம் பட்ட கோடே இல்லை. கண்ணாடிக்குள் இருந்த காசின் விளிம்பில் நெருக்கமாக மெல்லிய கீறல்கள். இனி ஏமாற மாட்டேன்.

அடுத்து பெயர்கள். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் 'காசு' என்ற சொல்லைப் போர்ச்சுகீசியர்கள் எடுத்துப்போய்க் கீழ்த்திசை நாடுகளின் சில்லறைக்கெல்லாம் பெயராக்கினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் வாங்கிக் 'கேஷ்' என்றார்கள். இன்று உலகம் முழுக்க நாணய நூல்களில் சீன ஓட்டைக் காசுக்கும் வியட்நாம் ஓட்டைக் காசுக்கும் அதுதான் பெயர். வியட்நாமியர்கள் தனிக்காசை 'வான்' என்றும் 'டாங்' என்றும் எண்ணினார்கள். 'டாங்' என்றால் செம்பு, வெண்கலம். அந்த உலோகத்தின் பெயரைத்தான் இன்றைய காகிதப் பணமும் சுமக்கிறது. 60 காசு ஒரு தியென். 10 தியென் ஒரு குவான். அதாவது 600 காசு கோத்த ஒரு சரம்.

எதற்கு 60? நூறு என்று வைத்துக்கொண்டால் என்ன? என் மனைவி கேட்டாள். வழிகாட்டிப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் காசின் நாலு எழுத்தையும் அவளால் படிக்க முடியவில்லை. அவை சீன எழுத்துகள். இவர்கள் இப்போது எழுதுவது லத்தீன் எழுத்தில். "எங்கள் கொள்ளுத்தாத்தா படித்திருப்பார், சூ" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண்ணாடியை விட்டு நகரச் சிறிது நேரம் ஆயிற்று அவளுக்கு.

நாள் 3, ஹோவா லூ

ஹனோயிலிருந்து தெற்கே நின் பின் மாகாணம். வயலுக்கு நடுவே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. இந்தக் குன்றுகளையே மதிலாக வைத்துக்கொண்டு தின் போ லின் தலைநகர் அமைத்த இடம் ஹோவா லூ. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு சீன ஆட்சி. 938-இல் பாக் டாங் ஆற்றுப் போரில் அது முறிந்தது. பின்னால் பன்னிரண்டு தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அவர்களை அடக்கி 968-இல் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டவர் தின் போ லின். சிறுவயதில் எருமை மேய்த்தவர், நாணல் பூவைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு மற்றப் பையன்களோடு போர் விளையாட்டு விளையாடியவர் என்று கதை சொல்கிறார்கள்.

970-இல் தன் ஆட்சிக்காலத்துக்குத் 'தாய் பின்', பேரமைதி, என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே காசு வார்த்தார்: 'தாய் பின் ஹுங் பாவோ'. வியட்நாம் மண்ணில் வியட்நாம் அரசன் பெயரால் வந்த முதல் காசு அது. அதற்கு முன்பு வரை சந்தையில் இருந்ததெல்லாம் சீனக் காசு.

நேற்றுப் பார்த்த அந்த வகைக் காசைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். மெல்லியது, எழுத்துகள் ஒரே அளவில் இல்லை. பின்பக்கம் ஓட்டைக்கு மேலே ஒற்றை எழுத்து: மேலே ஒரு படுக்கைக் கோடு, நடுவிலிருந்து கீழே இறங்கும் இன்னொரு கோடு, அடியில் சின்னக் கொக்கி. 'தின்', அவருடைய குலப்பெயர். பார்க்க ஆணி மாதிரி இருக்கும். முன்பக்கத்து வடிவமும் எழுத்தும் சீனத்திலிருந்து வந்தவைதான். பின்பக்கம் இந்த ஓர் எழுத்தைப் போட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஆணியை அடித்தவன் இது என் காசு என்கிறான்.

979-இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். படைத்தலைவராக இருந்த லே ஹோவான் அரியணை ஏறினார், 984-இல் தன் காசை வார்த்தார். பின்பக்கம் 'லே' என்ற எழுத்து. முன்னவர் செய்ததையே செய்தார். இரண்டு மன்னர்களுக்கும் இங்கே அடுத்தடுத்துக் கோயில்கள். தின் கோயிலின் முன் டிராகன் செதுக்கிய கற்படுக்கை ஒன்று உண்டு. மழையில் நனைந்து, அதன் முதுகு வழுவழுவென்று கறுத்துக் கிடந்தது.

1010-இல் தலைநகர் இன்றைய ஹனோய்க்குப் போய்விட்டது. அதற்குப் பின் வந்த லீ அரசர்கள் காலத்திலும் சந்தையில் பெரும்பங்கு சீனத்துச் சோங் அரசின் காசுகளே. வயலில் ஏர் ஓட்டும்போது பானை பானையாகக் காசு கிடைத்தால், பிரித்துப் பார்ப்பவர்கள் கையில் அதிகம் வருவதும் அவையே.

இன்று இரவு தங்கியது ஒரு வீட்டில். வீட்டுப் பாட்டி பூசை மாடத்தின் முன் பழமும் பூவும் வைத்து ஊதுபத்தி ஏற்றினார். பிறகு ஒரு சிறு தட்டில் இரண்டு ஓட்டைக் காசுகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசியிருந்தது. முன்னோரிடம் ஏதோ கேட்டுவிட்டு, காசைக் கையில் குலுக்கித் தட்டில் எறிந்தார். இரண்டும் வெள்ளையாக விழுந்தன. மறுபடி எறிந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பாட்டி முகம் தெளிந்தது. ஒன்றுக்கு ஒன்று மாறி விழுந்தால் சம்மதம் என்று பொருளாம். நம்மூரில் பூக்கட்டிப் பார்ப்பது போல. 'தட்டில் இருப்பது எந்த மன்னர் காசு?' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பாட்டிக்கு அது மன்னர் காசு இல்லை.

நாள் 4, தான் ஹோவா

இன்று வெயில் கொடுமை. ஹோ கோட்டை வயல்வெளியில் தனியாக நிற்கிறது. 1397-இல் ஹோ குய் லி கட்டியது. உள்ளே அரண்மனை ஒன்றும் மிஞ்சவில்லை, சோளமும் நெல்லும் விளைகின்றன. ஆனால் நாலு வாசலும் மதிலும் அப்படியே. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள், சில கற்கள் இருபது டன்னுக்கு மேல். 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் கல்லுக்காக வரவில்லை. இந்தக் கல்லை அடுக்கிய மனிதர்தான் 1396-இல், ட்ரான் வம்சத்தின் அமைச்சராக இருந்துகொண்டே, வியட்நாமின் முதல் காகிதப் பணத்தை வெளியிட்டார். பத்து காசுத் தாளில் கடல்பாசி, முப்பது காசுத் தாளில் அலை, ஒரு தியெனுக்கு மேகம், இரண்டுக்கு ஆமை, மூன்றுக்குக் கிலின் என்ற புராண விலங்கு, ஐந்துக்குப் பீனிக்ஸ் பறவை, ஒரு குவானுக்கு டிராகன். நினைத்துப் பார்க்கவே எவ்வளவு அழகு! ஒரு தாள்கூட இன்று நம்மிடம் இல்லை.

தாள் வந்தால் காசு போக வேண்டும். எல்லோரும் செம்புக் காசை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், ஒரு குவான் காசுக்கு ஒரு குவான் இரண்டு தியென் மதிப்புள்ள தாள் தரப்படும். காசை வைத்திருந்தாலும் குற்றம். கள்ளத்தாள் அடித்தால் மரண தண்டனை. அரசுக்குச் செம்பு தேவைப்பட்டது, வடக்கே சீனத்து மிங் அரசின் படை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. காரணம் புரிகிறது. ஆனால் பானைக்குள் புதைத்து வைத்தால் பேரன் காலத்திலும் செல்லும் காசைக் கொடுத்துவிட்டு, மழைக்கு நனையும் தாளை எந்தக் குடியானவன் மனதார வாங்குவான்? 1400-இல் ஹோ குய் லி தானே அரியணை ஏறினார். 1407-இல் மிங் படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அவரோடு தாளும் போனது.

மிங் ஆட்சியை எதிர்த்துப் பத்து ஆண்டு போராடி வென்ற லே லோய் இதே தான் ஹோவாக்காரர். மனைவி கேட்ட 60-க்கு வருகிறேன். மோட்டார் சைக்கிள்கள் இரையும் சாலையோரக் கடையில் கரும்புச் சாறு குடித்துக்கொண்டே என் குறிப்பேட்டிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

1226-இல் ட்ரான் அரசின் ஆணை: மக்கள் தங்களுக்குள் புழங்கும்போது 69 காசு ஒரு தியென். அரசுக்குக் கட்டும்போது 70 காசு ஒரு தியென். ஒரு காசு அரசுக்கு லாபம். லே லோய் வந்ததும் 50 காசு என்று ஆக்கினார். அவர் மகன் லே தாய் தோங் 1439-இல் 60 என்று அறிவித்தார். அதன்பின் அந்த முழுத் தியெனின் கணக்கு மாறவில்லை. 36 காசை ஒரு தியென் என்று எண்ணும் குறைக் கணக்கு ஒன்றும் பிற்காலத்தில் பக்கத்திலேயே ஓடியது. அதனால் 60 காசு உள்ளதை நல்ல தியென் என்று பிரித்துச் சொன்னார்கள்.

"அறுபது நல்ல எண்தான்" என்றாள். "இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எதால் வகுத்தாலும் மீதி வராது. சந்தைக்குப் போகிறவளுக்கு நூறைவிட அறுபதுதான் வசதி."

லே தாய் தோங் அதை நினைத்துத்தான் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண் நிலைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நாள் 5, இரவு ரயில்

ஹுவேக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன். படுக்கை மேல்தட்டு. விளக்கு மங்கல்.

வழிகாட்டிப் பெண் தான் ஹோவா நிலையத்தில் எங்களை ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பிரியும்போது என் மனைவிக்கு ஒரு பரிசு கொடுத்தாள், ஒரு தாளில் எழுதிய கணக்கு. இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நாட்டுப்பாடல் ஒன்று உண்டு. ஒரு பெண் ஒரு குவான், நல்ல காசாக ஒரு முழுச் சரம், எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்த் திரும்புகிறாள். கணவன் கணக்குக் கேட்கிறான். அவள் ஒப்பிக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதில் வரும் சாமான்களையும் விலையையும் மட்டும் அவள் எழுதித் தந்திருந்தாள்.

கோழிக்கு மூன்று தியென். ஒட்டரிசி ஒன்றரைத் தியென். வெற்றிலை மூன்று காசு, பாக்கு ஆறு காசு. இறைச்சி ஒன்றரைத் தியென், கீரைக்கட்டு பத்து காசு. சாப்பாட்டு அரிசி ஒன்றரைத் தியென், பச்சைத் தேயிலை ஆறு காசு. சாராயம் முப்பது, பாகு முப்பது, எரித்துப் படைக்கும் பொன்தாள் இருபது. மீன்சாறு இரண்டு கிண்ணம், கிண்ணம் ஏழு காசு. இரண்டேழு பதினாலு என்று பெருக்கியே சொல்லிவிடுகிறாள், கணவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதே. இனிப்புக் கஞ்சிக்கு மாவு இருபத்தொன்று. ஒரு சீப்பு வாழைப்பழம் பத்து.

என் மனைவி பேனாவை எடுத்துவிட்டாள். தியெனையெல்லாம் அறுபதால் பெருக்கினாள். கோழி 180. அரிசி இரண்டும் இறைச்சியும் தலைக்கு 90, ஆக 270. இதுவரை 450. வெற்றிலை, பாக்கு, கீரை, தேயிலை சேர்த்து 25. இப்போது 475. சாராயம், பாகு, பொன்தாள் 80, ஆக 555. மீன்சாறு 14, மாவு 21, பழம் 10.

"அறுநூறு" என்றாள். மறுபடி கூட்டினாள். "ஏங்க, ஒரு காசு கூடக் குறைய இல்லை. சரியாக அறுநூறு."

அந்த மங்கல் வெளிச்சத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அரசாணைகளும் கோட்டைகளும் சொல்லாத ஒன்றை இந்தச் சந்தைக் கணக்கு எனக்குச் சொன்னது. 1439-இல் ஒரு மன்னர் போட்ட ஆணை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் விரல் நுனியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பொன்தாளும் கோழியும் வாங்கியிருக்கிறாள், வீட்டில் திதியாக இருக்கும் என்கிறாள் மனைவி. இருக்கலாம். வெற்றிலை மூன்று காசுக்கு, பாக்கு ஆறு காசுக்கு என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பாக்கு விலை அதிகமாம்.

நாள் 6, ஹுவே

ஹுவேயிலும் ஒரு ட்ராங் தியென்! பெர்ஃபியூம் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலத்துக்கு அதுதான் பெயர். 1899-இல் முடிந்த பாலம். இங்கேயும் பக்கத்தில் நாணயச் சாலை இருந்ததால் வந்த பெயர். பாலத்தில் நடந்து அரண்மனைக் கோட்டைக்குப் போனோம்.

18-ஆம் நூற்றாண்டில் நாட்டின் தெற்குப் பாதியை நுயென் பிரபுக்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். தெற்கே செம்புச் சுரங்கம் கிடையாது. வெளியிலிருந்து செம்பு வருவது குறையக் குறைய, சந்தையில் காசுக்குத் தட்டுப்பாடு. 1746-இல் அந்தப் பிரபுக்களில் ஒருவரான நுயென் புக் க்வாட் ஒரு முடிவு எடுத்தார். டச்சுக்காரர்களிடம் துத்தநாகம் வாங்கி அதில் காசு வார்ப்போம். கீழ்த்திசைக் கடலில் வணிகம் செய்த போர்ச்சுகீசியர்கள் அந்த உலோகத்தைத் 'துத்தனாகா' என்று சொன்னார்கள், நம் காதுக்குப் பழக்கமான பெயர்தான்.

துத்தநாகம் மலிவு. மலிவு என்றால் இன்னும் கொஞ்சம் வார்க்கலாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தனியார் பட்டறைகளும் முளைத்தன. காசு மெல்லியதாகிக்கொண்டே போனது, கையால் ஒடிக்கலாம் என்ற நிலை. செம்பு வைத்திருந்தவர்கள் அதை வெளியே விடவில்லை. நெல் வைத்திருந்தவர்கள் இந்தக் காசுக்கு நெல்லை விற்க மறுத்துப் பதுக்கினார்கள். விலை ஏறியது. வரி மட்டும் குறையவில்லை. 1776-இல் வடக்கிலிருந்து இங்கே அதிகாரியாக வந்த அறிஞர் லே குய் டான் இந்த அலங்கோலத்தையெல்லாம் தன் நூலில் பதிந்துவைத்தார்.

1771-இல் தாய் சோன் மலைப்பகுதியில் மூன்று சகோதரர்கள் கலகக்கொடி தூக்கினார்கள். மூத்தவர் நுயென் நாக், வெற்றிலை வியாபாரி, அரசின் வரி வசூல் எழுத்தராகவும் இருந்தவர். வரி கட்ட முடியாதவன் முகத்தை நேரில் பார்த்த மனிதர். அந்தக் கலகத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் நொறுங்கும் காசை விட்டுவிட்டு அந்த வரலாற்றைச் சொன்னால் அது அரைக்கதை. ஆட்சியைப் பிடித்ததும் அந்தச் சகோதரர்களும் தங்கள் பெயரில் காசு வார்த்தார்கள். அவர்களில் ஒருவரின் ஆட்சிப் பெயரான 'குவாங் ட்ருங்' எழுதிய செம்புக் காசு இன்றும் சேகரிப்பாளர் கையில் எளிதாகக் கிடைக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

1802-இல் அந்த நுயென் பிரபுக்களின் வம்சத்து ஜியா லாங் நாடு முழுவதையும் வென்றார். தாய் சோன்களிடமிருந்து கைப்பற்றிய வெண்கலப் பொருள்களை உருக்கி ஒன்பது பீரங்கிகள் வார்க்கச் சொன்னார். கோட்டை வாசலருகே அவை இன்னும் படுத்திருக்கின்றன. நாலுக்குப் பருவங்களின் பெயர், ஐந்துக்குப் பஞ்சபூதங்களின் பெயர். ஒவ்வொன்றும் பத்து டன்னுக்கு மேல். ஒருமுறைகூடச் சுட்டதில்லை. வெயிலில் சூடேறிய அந்த வெண்கலத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எத்தனை லட்சம் காசு ஆகியிருக்கும் என்ற எண்ணம்தான் வந்தது.

அவரும் துத்தநாகக் காசை விடவில்லை. ஒரு காசு இரண்டரைக் கிராம் என்று வைத்தாலும் ஒரு சரம் ஒன்றரைக் கிலோ. கொஞ்சம் பெரிய தொகைக்கு மாட்டுவண்டிதான் கட்ட வேண்டும். அவருடைய மகன் மின் மாங் பெரிய அளவில் அழகழகான வெண்கலக் காசுகள் வார்த்தார், பின்புறம் நீதிவாசகம், மரியாதைக்குப் பரிசாகக் கொடுக்க. 1861-இல் து டுக் வேறு வழி தேடினார்: பத்து காசு, இருபது காசு என்று அறுபது காசு வரை மதிப்பு எழுதிய செம்புக் காசுகள். அறுபது காசு என்றால் ஒரு முழுத் தியென் ஒரே காசில்! எழுதிய மதிப்புக்கு ஏற்ற எடை மட்டும் அதில் இல்லை. அதன் பெயரிலும் 'சாவ்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தார்கள். ஹோ குய் லியின் தாள்பணத்துக்கு இருந்த அதே சொல். மன்னர்கள் மறந்தாலும் சந்தை மறக்காது.

ஓட்டைக் காசில் கடைசியாக எழுதப்பட்ட மன்னர் பெயர் பாவோ தாய். சிறிய, மெல்லிய காசு. 1945 ஆகஸ்ட் 30 அன்று இதே கோட்டையின் தெற்கு வாசலில் நின்று அவர் முடி துறந்தார். வாசல் மேல்மாடத்தில் ஏறி நின்றோம். கீழே பள்ளிப் பிள்ளைகள் ஆவோ தாய் என்ற நீண்ட பாரம்பரிய உடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாள் 7, ஹோய் ஆன்

ஹாய் வான் கணவாய் ரயில்பாதையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். இன்று நேரம் இல்லை.

ஹோய் ஆன் என்றால் எல்லோருக்கும் காகித விளக்குகள். எனக்கு இது செம்பு வந்து இறங்கிய துறைமுகம். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர்கள் இங்கே தனித் தெருவே வைத்திருந்தார்கள். 1635-இல் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போகத் தடை போட்டது. ஆனாலும் காசு நிற்கவில்லை. 1659 முதல் 1685 வரை நாகசாகியில் ஏற்றுமதிக்கென்றே காசு வார்த்தார்கள். தங்கள் நாட்டுக் காசின் பெயரைப் போடாமல், பழைய சோங் காலத்துப் பெயரைப் போட்டார்கள், கடல்கடந்த சந்தையில் எல்லோருக்கும் பழகிய பெயர் என்பதால். சீன வணிகர்களும் டச்சுக் கம்பெனியும் அதைப் பெட்டி பெட்டியாக இங்கே கொண்டுவந்தார்கள். ஜப்பானில் வார்த்து, சீனப் பெயர் சூடி, டச்சுக் கப்பலில் ஏறி, வியட்நாமியப் பெண்ணின் சரத்தில் கோக்கப்பட்ட காசு. அதில் பாதி உருக்கப்பட்டுப் பானையும் பீரங்கியும் ஆகியிருக்கும்.

ஜப்பானியப் பாலத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஒருமுறை கடந்துவிட்டு, ஆற்றோரத்தில் ஒரு சிறு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். தட்டை என் முன் தள்ளினார். ஹனோய்ப் பாடம் நினைவிருந்தது. ஒவ்வொன்றின் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, எழுந்து போய், உள்ளிருந்து ஒரு பழைய மருந்து டப்பாவைக் கொண்டுவந்தார்.

உள்ளே சாம்பல் நிறக் காசு ஒன்று. துத்தநாகம். வெள்ளைப் பூசணம் பூத்து, ஓரம் கொஞ்சம் அரித்திருந்தது. நடுவில் அதே சதுர ஓட்டை. ஆனால் இது வார்த்ததல்ல, இயந்திரத்தில் அடித்தது. ஒரு பக்கம் சீன எழுத்து. மறுபக்கம் ஓட்டையைச் சுற்றிப் பிரெஞ்சு எழுத்தில் டோங்கின் பாதுகாப்பு ஆட்சி, 1905 என்று இருந்தது. டோங்கின் என்பது ஹனோயைச் சுற்றிய வடபகுதிக்கு, இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் வழங்கிய பெயர். அவர்களுடைய பெரிய நாணயம் பியாஸ்தர், வெள்ளி, எடையும் தரமும் நுணுக்கமாக நிர்ணயித்தது. அதற்குச் சில்லறையாக, சந்தையில் செல்ல வேண்டும் என்று அடித்தது இந்தச் சின்னக் காசு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காசைக் கண்ணருகே கொண்டுபோய் மனைவி மதிப்பைப் படித்தாள். பத்தில் ஒன்றும் இல்லை, நூறில் ஒன்றும் இல்லை.

"அறுநூறில் ஒன்று" என்றாள்.

பெரியவர் விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை. ஒரு செய்தித்தாள் துண்டில் காசை மடித்து அவளிடம் கொடுத்தார், என்னிடம் அல்ல. மீதிக்கு ஓர் இருபதாயிரம் டாங் தாள் தந்தார். அதில் நாங்கள் சற்றுமுன் கடந்துவந்த பாலம்.